ஃபார்மட் பண்ணுவதற்கு முன்: விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் வரும் கோளாறுகள்

பக்கத்து ஃபிளாட் மாமி ஒரு நாள் இரவு மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையில் அன்று நல்ல மழை. மகன் உயர்தரம் படிக்கிறான், ஐ.சி.டி. பாடத்துக்கு உதவும் என்று விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸும் போட்டிருந்தான். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. அன்று காலையில் திறந்தால் கறுப்புத் திரை, அதில் இரண்டு வரி. கடையொன்றில் காட்டியிருக்கிறார்கள். "ஃபார்மட் பண்ணத்தான் வேணும், உள்ளே இருந்ததெல்லாம் போயிட்டுது" என்று பதில். உள்ளே இருந்தவை மாமியின் கணவர் உயிரோடு இருந்த காலத்துப் படங்கள்.

படங்கள் எதுவும் போகவில்லை. கணினி தொடங்கும்போது தேடிப் போகும் பாதை மட்டும் அறுந்திருந்தது. சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு மாமி படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் நீண்டது.

இப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. புதுக் கணினி வாங்குகிற விலையா இப்போது? அதனால் பழையதிலேயே லினக்ஸைச் சேர்த்துப் போடுகிறார்கள். நல்ல முடிவுதான். கோளாறு வந்தால் அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. கீழே உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த மூன்று பத்திகளை எல்லோரும் ஒருக்கா வாசித்துவிடுங்கள்.

கையில் ஒரு பென் டிரைவ் வேண்டும், அதில் லினக்ஸின் லைவ் பதிப்பு, அதாவது நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் பதிப்பு, இருக்க வேண்டும். மின்ட் என்றால் கிட்டத்தட்ட 3 ஜிபி, உபுண்டு என்றால் அதைப்போல இரண்டு மடங்கு தரவிறக்க வேண்டிவரும். டேட்டாவை அளந்து பாவிக்கிற வீடுகளில் மின்ட் சுகம். எந்த இயங்குதளமும் எழும்பாவிட்டாலும் இந்தப் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, 'ட்ரை' என்பதைத் தேர்ந்து, உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுக்கலாம். டிஸ்க் பூட்டப்படாத கணினியில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். நகல் கையில் இருந்தால் பதற்றம் பாதி குறைந்துவிடும், பதறாத கை பிழை செய்யாது.

அடுத்தது, கணினி எப்படித் தொடங்குகிறது என்பது. 2012க்குப் பிறகு வந்த கணினிகளில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ முறைதான். டிஸ்கில் 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதி) இருக்கும். அதற்குள் விண்டோஸின் தொடக்க நிரலுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸின் தொடக்க நிரலான கிரப்புக்கு வேறொரு ஃபோல்டர்; எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் தேர்வுப் பட்டியலைக் காட்டுவது இந்தக் கிரப்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. மதர்போர்டு தன் நினைவில் ஒரு வரிசை வைத்திருக்கும், முதலில் இது, பிறகு அது என்று. பழைய பயோஸ் முறையில் இந்த வசதி இல்லை. டிஸ்கின் முதல் 512 பைட் இடம் ஒன்றே ஒன்று. கடைசியாக நிறுவியது அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிடும்.

உங்களுடையது எந்த முறை என்று அறிய, விண்டோஸின் தேடல் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'பயோஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்றோ லெகசி (பழைய பயோஸ் முறை) என்றோ இருக்கும். அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இனி நான் தரும் எல்லாக் கட்டளைகளும் அப்படித்தான்: இங்கே தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

தேர்வுப் பட்டியல் வரவில்லை, நேராக விண்டோஸ் வருகிறது

லினக்ஸ் நிறுவி முடித்த உடனே இப்படி வரலாம், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பிறகு பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பின்னும் வரலாம். இரண்டிலும் நடந்தது ஒன்றே: மதர்போர்டின் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது. லினக்ஸை மறுபடி நிறுவத் தேவையில்லை.

கணினியைத் திறந்த கையோடு பூட் மெனு விசையைத் தட்டித் தட்டிக்கொண்டிருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசூஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயோஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை, யூஇஎஃப்ஐ கணினியிலும் அப்படித்தான் சொல்வோம்) போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் இருந்தால் தேர்ந்தெடுங்கள். மின்ட் போட்டவர்களுக்கும் அங்கே பெரும்பாலும் 'உபுண்டு' என்றுதான் காட்டும், குழம்ப வேண்டாம். லினக்ஸ் எழும்பினால் பயோஸுக்குள் போய் பூட் வரிசையில் அதை மேலே ஏற்றிச் சேமியுங்கள்.

விசையைத் தட்டியும் பிடிபடவில்லையா? விண்டோஸுக்குள் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று இருக்கும், அதற்குள் அதே பட்டியல் கிடைக்கும்.

சில மடிக்கணினிகள் என்ன செய்தாலும் விண்டோஸையே முன்னால் வைத்துக்கொள்ளும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸ் வேண்டிய நாளில் பூட் மெனு விசையை அழுத்திப் பழகிக்கொள்வது எவ்வளவோ மேல்.

தேர்வுப் பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை

இதைக் கண்டவுடன் "விண்டோஸ் அழிஞ்சுட்டுது" என்று முடிவுகட்டுகிறார்கள். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வேலை தானாக நடப்பதில்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தேடச் சொன்னால் தேடும்.

லினக்ஸில் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து 'சூடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' என்று தட்டுங்கள். கோப்பின் அடிப்பக்கத்தில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்ற வரி, முன்னால் ஒரு # குறியோடு இருக்கலாம். அந்தக் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். வரியே இல்லாவிட்டால் நீங்களே சேருங்கள்; '=' வரை எல்லாம் பெரிய எழுத்து, கடைசிச் சொல் மட்டும் சிறிய எழுத்து. சேமித்து வெளியே வந்து 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். ஓடும் வரிகளில் விண்டோஸின் பெயர் தென்பட்டால் சரி.

தென்படவில்லை என்றால் எம்எஸ்இன்ஃபோ குறிப்பைப் பாருங்கள். விண்டோஸ் லெகசியிலும் லினக்ஸ் யூஇஎஃப்ஐயிலும் இருந்தால் ஒன்றின் பட்டியலில் மற்றது வராது. அதுவரை பூட் மெனு விசையால் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு, லினக்ஸை விண்டோஸின் முறையிலேயே மீண்டும் நிறுவுவதுதான். பூட் மெனுவில் உங்கள் பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை இருக்கும், ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று போட்டிருக்கும். எதைத் தேர்கிறீர்களோ அந்த முறையில்தான் லினக்ஸ் உட்காரும்.

கறுப்புத் திரை, 'கிரப் ரெஸ்க்யூ'

மாமி வீட்டுக் கதை இதுதான். 'நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி, அதன்கீழே 'கிரப் ரெஸ்க்யூ>' என்று ஒரு கண் சிமிட்டும் கோடு. பெடியனிடம் ஆறுதலாகக் கேட்டபோது சொன்னான்: முந்தின இரவு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரும் எழுத்தும் இல்லாத 60 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றைக் கண்டு, வெறும் இடம் என்று நினைத்து அழித்திருக்கிறான். லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அது வெறுமையாகத் தெரியும். சில நேரம் "இந்த டிஸ்கைப் பாவிக்க ஃபார்மட் பண்ண வேண்டும்" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ஆம் சொல்லாதீர்கள்.

லினக்ஸ் பார்ட்டிஷன் அழிந்துபோன நிலை என்றால், யூஇஎஃப்ஐ கணினியில் பூட் மெனு விசையை அழுத்தி 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தால் முடிந்தது. விண்டோஸ் அப்படியே எழும்பும். மாமிக்கு நான் செய்ததும் இவ்வளவுதான். பிறகு பூட் வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றிவிட்டேன். லெகசி கணினி என்றால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து தொடங்கி, 'ரிப்பேர்' வழியாகக் கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போய் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுங்கள்.

லினக்ஸ் பார்ட்டிஷன் இருக்கிறது, பார்ட்டிஷன்களைக் கூட்டிக் குறைத்ததில் இலக்கம்தான் மாறிவிட்டது என்றால், அந்தத் திரையிலேயே வழி உண்டு. 'எல்எஸ்' தட்டுங்கள். (எச்டி0,ஜிபிடி5) மாதிரிப் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் 'எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/' என்று திறந்து பாருங்கள். 'பூட்', 'ஹோம்', 'ஈடிசி' என்ற ஃபோல்டர்கள் தெரிகிற இடம்தான் உங்கள் லினக்ஸ். பிறகு மூன்று வரி: 'செட் ப்ரீஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்', அடுத்து 'இன்ஸ்மாட் நார்மல்', அடுத்து 'நார்மல்'. வழக்கமான பட்டியல் வந்துவிடும். லினக்ஸுக்குள் போனதும் மறக்காமல் 'சூடோ கிரப்-இன்ஸ்டால்', 'சூடோ அப்டேட்-கிரப்' இரண்டையும் கொடுங்கள். லெகசி கணினியில் முதல் கட்டளையோடு டிஸ்கின் பெயரையும் சேர்க்க வேண்டும், வழக்கமாக '/டெவ்/எஸ்டிஏ'. இதைச் செய்யாவிட்டால் அடுத்த முறையும் அதே கறுப்புத் திரைதான்.

நிறுவும்போது கரண்ட் போய்விட்டது

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அன்று நண்பர் ஒருவர் மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவிக்கொண்டிருந்தார். யூபிஎஸ் இல்லை. லினக்ஸ் கோப்புகள் பாதி நகலான நிலையில் போயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது புதுப் பார்ட்டிஷனில்தான். மறுபடி பென் டிரைவிலிருந்து தொடங்கி, அரைகுறைப் பார்ட்டிஷனை அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யலாம்.

லினக்ஸுக்கு இடம் விட விண்டோஸின் பார்ட்டிஷனைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது போயிருந்தால்தான் கவலை. முதலில் லைவ் பென் டிரைவில் தொடங்கிக் கோப்புகளை நகலெடுங்கள். அப்புறம் விண்டோஸை எழுப்பி, அது டிஸ்கைச் சோதிக்க ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் எடுத்தாலும் இடைமறிக்காமல் விடுங்கள். மேசைக் கணினிக்காரர்கள் இந்த ஒரு வேலைக்காவது யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினி என்றால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால்

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மாலை ஆறு மணிக்கு மதியம் பன்னிரண்டரை காட்டும். விண்டோஸில் சரிசெய்துவிட்டு லினக்ஸுக்குப் போனால் சில நேரம் அங்கே ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடும். சூம் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்து, கொழும்புக்கு உரிய 5:30ஐக் கூட்டிக் காட்டும். இரண்டும் இணையத்தில் சரியான நேரத்தைப் பார்த்து, தன் தன் கணக்கில் கடிகாரத்தைத் திருத்தி எழுதும். எது பழுது என்று கேட்டால் எதுவும் பழுதில்லை.

இரண்டில் ஒன்று இறங்கிவர வேண்டும். சுலபமானது லினக்ஸை இறக்குவது: டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1'. இந்தக் கட்டளைக்குப் பிறகு நிலையைப் பார்த்தால் லினக்ஸ் ஓர் எச்சரிக்கை காட்டும், உள்ளூர் நேரத்தில் வைத்தால் நேர மாற்றங்களின்போது சிக்கல் வரும் என்று. கோடையில் ஒரு நேரம், குளிர்காலத்தில் ஒரு நேரம் என்று மாற்றுகிற நாடுகளுக்கு அது முக்கியம். நமக்கு அந்த மாற்றம் இல்லை, ஆகவே தைரியமாகச் செய்யலாம். (1996இல் இலங்கை நேரத்தை முதலில் 6:30க்கும், அதே ஆண்டில் பிறகு 6:00க்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடத்தில் வளர்ந்தவர்களுக்கு "பழைய நேரமா, புது நேரமா" என்ற கேள்வி மறந்திருக்காது. லினக்ஸில் நேர வலயமாகக் 'கொலம்போ'வைத் தேர்ந்தால் அந்த வரலாறும் அதற்குள் இருக்கிறது. பழைய கோப்புகளின் நேரம்கூட அந்தக் கணக்கில்தான் வரும்.)

இனி மிக முக்கியமான வேறுபாடு. பிசகு சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் மேலே சொன்னது. திகதியே வருடக்கணக்கில் பின்னால் போய்விட்டது என்றால் அது வேறு நோய்.

நம் வீடுகளில் மேசைக் கணினியைச் சுவர் ஆளியிலேயே அணைத்துவிடுகிறோம், இடி மின்னலுக்குப் பயந்து. நல்ல பழக்கம்தான். ஆனால் அப்போது மதர்போர்டின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது உள்ளே இருக்கும் ஒரு நாணய அளவு பற்றரி மட்டும்தான், பெயர் சிஆர்2032. அது செத்துவிட்டால் ஆளியை அணைத்த ஒவ்வொரு முறையும் பயோஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். பூட் வரிசை கலையும், செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்க விடும் காவல்) தானாக மாறும், சில போர்டுகளில் டிஸ்க் முறைகூட மாறும். "காலையில் லினக்ஸ் வருவதில்லை, ரீஸ்டார்ட் பண்ணிச் சரிசெய்தால் இரவு வரை ஓடுகிறது" என்று ஒருவர் சொன்னால் நான் மென்பொருளைத் தொடுவதே இல்லை, நேரே பெட்டியைத் திறக்கச் சொல்வேன்.

மரைன் டிரைவ் பக்கத்து வீடு ஒன்றில் திறந்தபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெட்டியின் திருகாணிகளில் செந்துரு. பற்றரியைப் பிடித்திருந்த மெல்லிய தகடு பச்சை பூத்திருந்தது, கடற்காற்றின் வேலை. மல்டிமீட்டரில் 1.9 வோல்ட். புதியதில் 3 வோல்டுக்குச் சற்று மேலே காட்டும். மின்சாரத்தைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டு, கொக்கியை நகத்தால் தள்ளினால் பற்றரி தானாக மேலே எழும். தகட்டை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, எழுத்துப் பக்கம் மேலே பார்க்கப் புதியதை வைத்தோம். பயோஸுக்குள் போய்த் திகதி, பூட் வரிசை, டிஸ்க் முறை மூன்றையும் மறுபடி அமைத்தோம். ஆறு மாதமாக அவர்கள் லினக்ஸின் குற்றம் என்று நினைத்திருந்தது அன்றோடு போயிற்று.

நீலத் திரை 48 இலக்கத் திறப்புக் கேட்கிறது

இங்கே நிதானம் வேண்டும். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லொக்கர் உங்கள் டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழைந்தால், ஹோம் பதிப்பில்கூடப் பூட்டுத் தானாகவே விழும். பலருக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. செக்யூர் பூட்டை மாற்றியதும், அல்லது கிரப் வழியாக விண்டோஸைத் திறந்ததும், "தொடங்கும் விதம் மாறியிருக்கிறது" என்று சந்தேகப்பட்டுத் திறப்புக் கேட்கும்.

கடைசியாகப் பயோஸில் எதை மாற்றினீர்களோ அதைப் பழையபடி வையுங்கள். பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை நேரே தேர்ந்து பாருங்கள். பல நேரம் கேள்வியே மறைந்துவிடும். மறையாவிட்டால் ஃபோனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய், கணினியின் பெயருக்குக் கீழே பிட்லொக்கர் திறப்பைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், கணினியை முதன்முதலில் அமைத்துத் தந்தவர் யார் என்று யோசியுங்கள். அவர் தன் கணக்கில் நுழைந்து அமைத்திருந்தால் உங்கள் திறப்பு அவருடைய கணக்கில் கிடக்கும். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

திறப்பு எங்குமே இல்லை என்றால் அந்தத் தகவலை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். ஆகவே லினக்ஸ் போட நினைக்கிற எல்லோரிடமும் கையெடுத்துக் கேட்கிறேன்: செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இயங்கினால் 48 இலக்கத்தையும் தாளில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள், அப்புறம் அந்த என்க்ரிப்ஷனை அணையுங்கள். பூட்டு முழுதாக அவிழ நேரம் எடுக்கும், அது முடிந்த பிறகே பார்ட்டிஷனில் கை வையுங்கள்.

லினக்ஸ் நிறுவி டிஸ்கையே காணவில்லை என்கிறது

விண்டோஸில் தெரியும் டிஸ்க் நிறுவியில் தெரியாவிட்டால், பயோஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் முறை இயங்குகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். பயோஸில் அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்ற வேண்டும். ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் எழும்பாது, அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்' என்பதைக் குறியிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயோஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பிப் புது முறைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும். குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். பிட்லொக்கர் இருந்தால் இதற்கு முன்பே அணைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

150 ஜிபி காலியாக இருந்தும் விண்டோஸ் சுருங்க மறுக்கிறது

அசைக்க முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்து ஹைபர்னேஷனை நிறுத்துங்கள். பேஜ் ஃபைலையும் (டிஸ்கை நினைவகமாகப் பாவிக்கும் கோப்பு) சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் வசதி) தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி சுருக்குங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ப்ரொடெக்ஷனையும் திருப்பி இயக்குங்கள். விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸின் கருவியாலேயே சுருக்குவதுதான் என் வழக்கம்.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிஸ்கில் எதையும் சேமிக்க முடியவில்லை

விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது முழுதாகத் தூங்குவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, பாதி நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைக்கும். லினக்ஸ் அதைக் கண்டு, கெடுத்துவிடக் கூடாதே என்று வாசிக்க மட்டும் விடும். இணையத்தில் தேடி வற்புறுத்தித் திறக்கும் கட்டளைகளைக் கொடுத்துவிடாதீர்கள், கோப்பு கெட்டுப்போகும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுங்கள். அவசரத்துக்கு விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து அந்தப் போக்கில் லினக்ஸுக்கு வந்தாலும் போதும்.

லினக்ஸில் வைஃபை இல்லை

முதலில் மேலே சொன்ன ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துப் பாருங்கள், சில வைஃபை அட்டைகளை விண்டோஸ் பிடித்துவைத்திருக்கும். அதிலும் வரவில்லை என்றால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டதா என்று யோசியுங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் சில டிரைவர்களுக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் 'பெர்ஃபார்ம் மொக் மேனேஜ்மென்ட்' என்று வந்து 10 விநாடிதான் காத்திருக்கும். தேநீர் போடப் போனவர்கள் அதைத் தவறவிடுவார்கள். டெர்மினலில் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' கொடுத்து, அது கேட்கும்போது ஒரு கடவுச்சொல்லை வைத்து ரீஸ்டார்ட் செய்தால் அந்தத் திரை மறுபடி வரும். 'என்ரோல் மொக்' தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அதுவரை இணையத்துக்கு ஃபோனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போடலாம்.

'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்'

2024 ஓகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய லினக்ஸ் பதிப்புகளில் இந்த வரி வந்து கணினி அணைந்துபோனது. அந்தக் காலத்துப் பென் டிரைவைப் பாவிப்பவர்களுக்கு இப்போதும் வரலாம். பயோஸில் செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸுக்குள் போய், 'சூடோ மொக்யூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்' கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்து ஒருமுறை லினக்ஸுக்குள் போய் முழுதாக அப்டேட் பண்ணிவிட்டு, செக்யூர் பூட்டைத் திருப்பி இயக்குங்கள். பென் டிரைவில் வந்தால் புதிய பதிப்பைத் தரவிறக்குவதே வழி.

எல்லாம் சரி, ஆனால் தமிழ்க் கோப்பு ஆங்கிலக் குழப்பமாகத் தெரிகிறது

பள்ளிக்கூடத்து வினாத்தாள், கோயில் அறிவித்தல், சங்கக் கடிதம் என்று நம்மிடம் இருக்கும் பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் அடித்தவை. அது யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. லினக்ஸில் பாமினி இல்லாததால் போர்வை விலகி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. விண்டோஸ் டிஸ்கில் 'விண்டோஸ்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் பாமினி கோப்பைக் கண்டுபிடித்து, லினக்ஸில் இரட்டைச் சொடுக்கு, 'இன்ஸ்டால்'. லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

தமிழில் தட்டுவதற்கு 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை நிறுவி, லொக் அவுட் செய்து திரும்பி வந்து, உள்ளீட்டு முறைகளில் தமிழைத் திறவுங்கள். தமிழ்99 இருக்கும், நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் தனியாக இருக்கும். மாமி பழகியது ரெங்கநாதன். மகன் மறுபடி லினக்ஸ் போட்டபோது அதை முதலில் சேர்த்துக் கொடுத்தான்; கோயில் மகளிர் சங்கக் கடிதங்களை இப்போது அவர் அதில்தான் அடிக்கிறார்.